அக்கரைக்கு அக்கரை: மீனம்பாக்கத்திலிருந்து டாலா எவ்வளவு தூரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து டெல்லி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 1,760 கிலோமீட்டர். அதே சென்னையிலிருந்து மியான்மரின் யாங்கோன் சுமார் 1,770 கிலோமீட்டர். வித்தியாசம் பத்தே கிலோமீட்டர். எங்கள் வியாசர்பாடியிலிருந்து மெரினாவுக்குப் போய்வருவதைவிடக் குறைவு.

விமானத் தூரம் காட்டும் தளம் ஒன்றில் இதைப் பார்த்த அன்று, கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு முன்னறைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் சத்தத்தைக் குறைத்தார்.

"திரும்பச் சொல்லு."

"டெல்லி எவ்வளவு தூரமோ, ரங்கூனும் அவ்வளவுதான்ப்பா. நேரா போனா ரெண்டரை மணி நேரம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்க அக்கா டெல்லியில இருந்திருந்தா, இந்நேரம் நாம எத்தனை தடவை போய் வந்திருப்போம்?" என்று கேட்டார்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. நான் 2018 ஜனவரியில் போய் வந்தேன். எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

டாலா எங்கே இருக்கிறது

எங்கள் வீட்டில் யாங்கோன் என்று யாரும் சொன்னதில்லை. ரங்கூன்தான். அதிலும் அப்பா பிறந்தது ரங்கூனில் இல்லை, டாலாவில். ரங்கூன் நகரத்தின் தெற்கு விளிம்பில் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெரிய பெரிய வெள்ளைக்காரக் கட்டடங்கள், துறைமுகம், பான்சோடான் படித்துறை. அந்தப் பக்கம் டாலா. நடுவில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தண்ணீர்.

ராமநாதபுரம் பக்கத்தில் ஒருவர் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ போனால் 'அக்கரைச் சீமைக்குப் போயிருக்கார்' என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் தாத்தா அக்கரைக்கும் அக்கரைக்குப் போனவர். கடலைத் தாண்டி ரங்கூன், ஆற்றையும் தாண்டி டாலா.

அங்கே அவரை இழுத்தது வேலை. ஐராவதி பிளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை டாலாவில்தான் இருந்தது. 1865-இல் தொடங்கிய அந்த ஸ்காட்லாந்துக் கம்பெனி, 1920களில் அறுநூறுக்கும் மேற்பட்ட நீராவிக் கப்பல்களும் படகுகளும் வைத்து ஐராவதி முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் பழுதுபார்க்க, தகடு மாற்ற, ரிவெட் அடிக்க ஆள் வேண்டும். தாத்தா ரிவெட் அடிக்கிறவர். கடைசிவரை அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது.

திரையில் தெரியும் அந்த எண்

தூரம் காட்டும் தளங்கள் என்ன செய்கின்றன? ஒரு உலக உருண்டையை எடுத்து, சென்னையில் ஒரு குண்டூசி, யாங்கோனில் ஒரு குண்டூசி குத்தி, நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூலின் நீளம்தான் 1,770 கிலோமீட்டர். கடல் மைலில் 955. பெருவட்டத் தூரம் என்று இதற்குப் பெயர்.

நேரத்துக்கும் ஒரு எளிய கணக்குதான். ஜெட் விமானம் மணிக்கு 800, 850 கிலோமீட்டர் போகும் என்று வைத்துத் தூரத்தை வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் நகரவும் ஒரு அரை மணியைக் கூட்டினால், இரண்டரை மணிக்கு மேல் சில நிமிடங்கள் வரும். இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. குளிர்காலத்தில் உயரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். ரங்கூன் போகும் விமானத்தை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு வேகமான காற்றோட்டம் உருவாகிறது. அப்போது போகிறவர்களுக்கு எதிர்க்காற்று, வருகிறவர்களுக்குச் சாதகம்.

கடிகாரம் இன்னொரு வேடிக்கை காட்டும். மியான்மர் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. நேரடி விமானத்தில் காலை பத்துக்கு ஏறினால் அங்கே ஒன்றரைக்கு இறங்குவோம். திரும்பும்போது பத்துக்கு ஏறினால் இங்கே பதினொன்றரைக்கே இறங்கிவிடலாம். டிக்கெட்டை மட்டும் பார்த்தால் போவது மூன்றரை மணி, வருவது ஒன்றரை மணி. அப்பா இதைக் கேட்டுவிட்டு, "எங்க கதையும் அதுதான். போறது ஒரு நேரம், வர்றது வேற நேரம்" என்றார்.

அவர் சொன்னது எங்கள் குடும்பக் கதை. அந்த நூலின் நீளம் எந்தக் காலத்திலும் மாறவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் அதே நீளத்தை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் கடந்திருக்கிறார்கள்.

மூணு ராத்திரி, நாலு பகல்

தாத்தா முதலில் போனது 1934-இல். பத்தொன்பது வயது. பரமக்குடியில் ரயிலேறி மதராஸ், மதராஸில் கப்பல். டெக் டிக்கெட். மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு, பொட்டலம் கட்டிய சோற்றை வைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். "மூணு ராத்திரி, நாலு பகல்" என்பார். இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். 955 கடல் மைலை மணிக்குப் பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் கடந்தால் எண்பது மணி நேரம். மூன்று நாள் எட்டு மணி. தாத்தாவின் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பயணத்துக்கு அவருக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. விசா என்ற சொல்லே அவர் காதில் விழுந்திருக்காது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அதைத் தனியாகப் பிரித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்குமேல் இந்தியர்கள். தாத்தாவுக்கு ரங்கூன் என்பது மதுரையைவிடக் கொஞ்சம் தள்ளியிருந்த, வேலை கிடைக்கிற ஊர். அவ்வளவுதான்.

விமானமும் அப்போதே வந்துவிட்டது. 1933-இல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து வரும் தன் பாதையைக் கல்கத்தா வழியாக ரங்கூனுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் நீட்டியது. மறு வருஷம் ஐராவதி பிளோட்டில்லா கம்பெனியே மிதவை வைத்த சிறு விமானங்களை வாங்கி ஆற்றிலிருந்து பறக்கவிட்டது. தாத்தா பார்த்திருக்கிறார். "தண்ணியில ஓடி ஓடி, பட்டுன்னு எந்திரிச்சுப் போகும்" என்று கையால் காட்டுவாராம். அதில் ஏற முடியும் என்ற நினைப்பே அவருக்கு வந்திருக்காது. கையில் காசிருந்தவர்களுக்கு 1933-இலேயே ரங்கூன் பக்கம்தான்.

அதே தூரம், நடந்து

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்டன. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும். செத்தவர்களில் துறைமுகக் கூலிகள் பலர். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள்.

'பராசக்தி' படம் நினைவிருக்கும். 1952-இல் வந்தது. ரங்கூனில் இருக்கும் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் தங்கை கல்யாணத்துக்கு மதுரைக்கு வரவேண்டும். யுத்த காலம், கிடைப்பது ஒரே ஒரு டிக்கெட். அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். மற்றவர்களுக்கு அது கதையின் தொடக்கம். எங்களுக்கு அது நடந்த விஷயம்.

தாத்தா 1942 பிப்ரவரியில் புறப்பட்டார். ரங்கூனிலிருந்து புரோம்வரை ரயில். புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி கடற்கரையில் இருக்கும் டாங்கப் என்ற ஊருக்கு ஏறக்குறைய 110 மைல் மலைப்பாதை. அங்கிருந்து படகில் அக்யாப், அக்யாபிலிருந்து சிட்டகாங், பிறகு கல்கத்தா, பிறகு ரயில். மலைப்பாதையில் தண்ணீர் இல்லை, இருந்த தண்ணீரில் காலரா. கூட நடந்த பட்டறைக்காரர் ஒருவரைப் பாதையோரம் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அதற்குமேல் தாத்தா சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

எல்லா வழிகளிலுமாக அந்த மாதங்களில் பர்மாவைவிட்டு வந்த இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்தான். 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று அதைப் புத்தகமாகவே எழுதினார். பர்மாவிலிருந்து வந்த குடும்பம் எதுவானாலும் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தாத்தா பரமக்குடி வந்து சேர்ந்தபோது சித்திரை பிறந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கும் மேல். எட்டு வருஷம் முன்பு மூன்றரை நாளில் கடந்த அதே தூரம்.

ஒரு வழி டிக்கெட்

ஊரில் கல்யாணம் ஆயிற்று. 1944-இல் அத்தை பிறந்தார். 1946-இல் தாத்தா மனைவி, குழந்தையுடன் மறுபடியும் கப்பலேறி டாலாவுக்கே போனார். அத்தனை பட்டும் ஏன் போனார் என்று யாரும் கேட்கலாம். பட்டறையில் வேலை தயாராக இருந்தது. ஊரில் மழை இல்லை. 1948-இல் பர்மா சுதந்திரம் அடைந்ததும் கம்பெனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே பட்டறை, அதே சுத்தியல், முதலாளி மட்டும் மாறினார். 1954-இல் அப்பா பிறந்தார்.

1962 மார்ச்சில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை எல்லாம் தேசியமயமாக்கினார்கள். அந்த மே மாதம் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் ஒரே இரவில் செல்லாமல் போயின. சேர்த்து வைத்தவர்களின் சேமிப்பு வெறும் காகிதம். அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் திரும்பி வந்தார்கள். திரும்பினவர்களுக்காகத்தான் 1969-இல் சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் வந்தது. அத்தோ, பேஜோ என்ற பர்மிய உணவுகள் வடசென்னைத் தெருக்களுக்கு வந்ததும் அவர்களோடுதான்.

எங்கள் குடும்பம் கிளம்பியது 1965-இல். அப்பாவுக்குப் பதினொரு வயது. அத்தைக்கு இருபத்தொன்று, கல்யாணம் ஆகி இரண்டு வருஷம். மாமா பர்மியக் குடியுரிமை வாங்கியவர், வர மறுத்துவிட்டார். துறைமுகத்தில் அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பாட்டி தன் காதில் இருந்ததைக் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டார், எப்படியும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று. "அக்கா ரங்கூன் பக்கத்து படித்துறையில நின்னுச்சு. கப்பல் திரும்பினதும் டாலா தெரிஞ்சுது, அக்கா தெரியல" என்பார் அப்பா. அந்தக் கப்பலிலும் அதே நான்கு நாள். ஆனால் டிக்கெட் ஒரு வழிக்கு மட்டும்.

அப்புறம் கடிதம். மாதம் ஒன்று, பிறகு வருஷம் ஒன்று. 1988 கலவரத்துக்குப் பிறகு அதுவும் நின்றது. மறுபடி அத்தை கிடைத்தது 2016-இல், ஃபேஸ்புக் வழியாக, அத்தையின் பேத்தி மூலம். 2014-இல் வெளிநாட்டு செல்போன் கம்பெனிகள் மியான்மருக்குள் வந்து சிம் கார்டு விலையை ஆயிரத்து ஐந்நூறு கியாட்டுக்கு இறக்கியிருந்தன. அதற்குமுன் சாதாரணக் குடும்பம் சிம் வாங்க நினைக்கவே முடியாது. இருபத்தெட்டு வருஷம் மூடிக்கிடந்த வழி ஒரு சிம் கார்டில் திறந்தது.

பதினான்கே கால் மணி நேரம்

போவதென்று முடிவானதும் அப்பாவும் வருவதாகத்தான் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, இதய ஆபரேஷன் ஆகி நான்கு மாதம்தான் ஆகிறது, வேண்டாம் என்றார். நான் மட்டும் கிளம்பினேன்.

எனக்கு லீவு கிடைத்த நாட்களில் நேரடி விமானம் கிடைக்கவில்லை. சென்னைக்கும் யாங்கோனுக்கும் நடுவில் அது ஓடும் காலமும் உண்டு, நின்றுபோகும் காலமும் உண்டு. டெல்லிக்கோ தினமும் டஜன் கணக்கில் விமானம். இரண்டும் ஒரே தூரம்தான். எங்கே ஆள் போகிறார்களோ அங்கே விமானம் போகிறது. எங்கே விமானம் போகிறதோ அந்த ஊர் நமக்குப் பக்கம் ஆகிறது.

அதனால் பாங்காக் வழி. சென்னையிலிருந்து பாங்காக் சுமார் 2,230 கிலோமீட்டர், பாங்காக்கிலிருந்து யாங்கோன் 610. மொத்தம் 2,840. கோலாலம்பூர் வழி போனால் 4,300-ஐத் தாண்டும். வரைபடத்தில் பார்த்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் என்னவென்று புரியும். பாங்காக் விமானம் அந்தமானைத் தாண்டியதும் தெனாசெரிம் கரைக்குமேல் பறக்கிறது. அதுவும் பர்மாதான். அதைத் தாண்டிப் போய், இறங்கி, விமானம் மாறி, மறுபடி பர்மாவுக்குத் திரும்பி வரவேண்டும். இருட்டில் ஜன்னல் வழியாகக் கீழே ஒன்றிரண்டு விளக்குகள் தெரிந்தன. இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

கணக்கு இதோ, போக நினைக்கிறவர்களுக்காக. இரவு 8:30-க்கு வியாசர்பாடி வீட்டிலிருந்து கிளம்பினேன். 12:30-க்கு விமானம். மூன்று மணி இருபது நிமிடத்தில் பாங்காக். கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே திருப்பினேன். இரண்டே முக்கால் மணி நேரக் காத்திருப்பு. அப்புறம் ஒன்றேகால் மணியில் யாங்கோன். கடிகாரம் அரை மணி பின்னே. குடியேற்ற வரிசை, பணம் மாற்றல், டாக்சி. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே மிங்கலாடோனில் இருக்கிறது. பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் ஒன்றேகால் மணி. பான்சோடான் படித்துறையில் டிக்கெட் வாங்கிப் படகேறினேன். ஜப்பான் கொடுத்த 'செர்ரி' படகு. பத்து நிமிடம். அங்கிருந்து சைக்கா. சைக்கிளுக்குப் பக்கவாட்டில் இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரும் வண்டி.

வீட்டுக்கு வீடு பதினான்கு மணி பதினைந்து நிமிடம். அதில் ஆகாயத்தில் இருந்தது நான்கு மணி முப்பத்தைந்து நிமிடம்தான். திரையில் காட்டுவது இரண்டு ஓடுபாதைகளுக்கு நடுவே இருக்கும் தூரம். ஓடுபாதையில் யாரும் குடியிருப்பதில்லை.

அந்தப் பத்து நிமிடப் படகைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைக் குழம்பு பூசிய பெண்கள், தலையில் தட்டு வைத்துக் காடை முட்டை விற்கிற பாட்டி, வெற்றிலை மடித்துக் கொடுக்கிற பையன். குளிர்கால மாதங்களில் கடற்காக்கைகள் கூட்டமாக வந்து படகைத் தொடரும். ஜனங்கள் தின்பண்டத்தைத் தூக்கி எறிய, அவை அந்தரத்திலேயே கவ்வும். நான் பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன். ரங்கூன் கட்டடங்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போயின. 1965-இல் அப்பா பார்த்த காட்சிதான், ஆனால் தலைகீழாக. எனக்கு டாலா நெருங்கி வந்துகொண்டிருந்தது.

அப்பா வரைந்த தாள்

கிளம்பும் முன்தினம் அப்பா ஒரு நோட்டுத் தாளில் வழி வரைந்து கொடுத்தார். படித்துறை, சந்தை, பட்டறைச் சுவர், குளம், குளத்துக்குப் பின்னால் மூன்றாவது சந்து. கிலோமீட்டர் எதுவும் அதில் இல்லை. படித்துறையிலிருந்து சந்தைவரை கோடு போட்டு 'ஒரு ஐஸ் கரையுறதுக்குள்ள' என்று எழுதியிருந்தார். பட்டறையிலிருந்து வீடுவரை 'சங்கு ஊதி முடியுறதுக்குள்ள ஓடலாம்'. குளத்தங்கரையில் ஒரு வட்டம், அதில் 'புளியமரம்'.

ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து அந்தத் தாள் வேலை செய்யுமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பேத்தி போனில் வழி சொல்லியும் இருந்தாள். ஆனாலும் சைக்காவைக் குளத்தருகே நிறுத்திவிட்டுத் தாளைப் பார்த்தே நடந்தேன். குளம் அங்கேயே இருந்தது. டாலாவில் நிலத்தடி நீர் உப்பு. மழைநீர் சேரும் குளங்களைத்தான் நம்பியிருக்கிறார்கள். அதனால் அவற்றை யாரும் தூர்க்க விடுவதில்லை. மூன்றாவது சந்தும் இருந்தது. சந்தின் கடைசியில், பலகைச் சுவர் வீட்டு வாசலில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அத்தை. அப்பாவின் நெற்றி.

"வா மருமகனே" என்றார். தமிழ் அப்படியே இருந்தது. பரமக்குடித் தமிழ், நடுநடுவே பர்மியச் சொற்களோடு.

உள்ளே உட்காரவைத்து, தேநீர் கொடுத்துவிட்டு, முதலில் கேட்டது: "கப்பல்ல எத்தனை நாளாச்சு?"

"பிளேன்ல வந்தேன் அத்தை. நேத்து ராத்திரி கிளம்பினேன்."

"நேத்து ராத்திரியா?" என்று பேத்தியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "வீட்டுல சாப்பிட்டுக் கிளம்பினியா?"

"ஆமா அத்தை. தோசை."

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்தத் தோசை இன்னும் வயித்துலதான் இருக்கும்."

எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஊர் எவ்வளவு பக்கம் என்பதை அதற்குமேல் யாரும் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததில்லை. நான் திரையில் பார்த்த 1,770-ம் தாத்தாவின் நான்கு பகலும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டன.

அப்புறம் நான் தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஐஸ் கரைவதைப் படித்துச் சிரித்தார். திடீரென்று, "புளியமரம் இந்தப் பக்கம் இல்ல. தம்பிக்கு மறந்துபோச்சு" என்று பேனாவை வாங்கி, அப்பா போட்ட வட்டத்தை அடித்துவிட்டு, குளத்தின் எதிர்க்கரையில் புதிதாக ஒரு வட்டம் போட்டார்.

அன்று சாயங்காலம் வைபரில் அப்பாவைக் கூப்பிட்டோம். படம் உறைந்து உறைந்து வந்தது. முதல் ஐந்து நிமிடம் இரண்டு பேரும் அழுதார்கள். அப்புறம் மரத்தைப் பற்றிச் சண்டை. "நான்தானடா உன்னை அந்த மரத்தடியில உட்காரவச்சுட்டுத் தண்ணி எடுக்கப் போவேன்" என்கிறார் அத்தை. "நான்தான் அதுல ஏறி விழுந்தவன், எனக்குத் தெரியாதா?" என்கிறார் அப்பா. அரை மணி நேரம். மரம் எப்போதோ விழுந்துவிட்டது, அக்கம்பக்கத்தில் யாருக்கும் நினைவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியே இல்லை.

இப்போது

2021 பிப்ரவரி 1-ஆம் தேதி மறுபடியும் ராணுவ ஆட்சி. நானும் அப்பாவும் சேர்ந்து போகப் போட்டிருந்த திட்டம் அதோடு நின்றது. நெட் பல நாள் இருக்காது, மின்சாரம் பல மணி இருக்காது. அத்தையின் பேரப்பிள்ளைகள் கட்டாய ராணுவ சேவைக்குப் பயந்து வெளியே போக வழி பார்க்கிறார்கள். கொரியா உதவியில் ரங்கூனுக்கும் டாலாவுக்கும் நடுவே பாலம் கட்டத் தொடங்கியதைப் பற்றி அத்தை ஒவ்வொரு அழைப்பிலும் ஏதாவது சொல்வார். படகு பத்து நிமிடம், பாலம் வந்தால் அதுவும் வேண்டாம் என்று.

நான் இன்றைக்கும் சில இரவுகளில் அந்தத் தளத்தைத் திறந்து இரண்டு ஊர்களையும் தட்டிப் பார்க்கிறேன். மாறாமல் அதே எண்தான் வருகிறது. விமான நிலையக் குறியீடுகளும் மாறவில்லை: சென்னைக்கு எம்.ஏ.ஏ., யாங்கோனுக்கு ஆர்.ஜி.என். இரண்டும் மதராஸ், ரங்கூன் என்ற பெயர்களிலிருந்து வந்தவை. ஊர்களுக்குப் பெயர் மாற்றினார்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் மட்டும் பழைய பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன.

பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலைமை சரியாகும்வரை போகச் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் அங்கே பிறந்தவர் யாராவது இருந்தால், இன்றைக்கே ஒரு தாளும் பேனாவும் கொடுத்து வழி வரையச் சொல்லுங்கள். படித்துறை எங்கே, சந்தை எங்கே, வீடு எங்கே என்று. அளவு சரியாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. வழி திறக்கும் நாளில், எந்தத் தளமும் சொல்லாத அந்தக் கடைசி அரை கிலோமீட்டருக்கு அது வேண்டும்.

எங்கள் தாள் முன்னறை அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. அத்தை போட்ட வட்டத்தை அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. போன ஞாயிறு லைன் கிடைத்ததும் உடம்பு எப்படி என்று கேட்டார், அரிசி என்ன விலை என்று கேட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, அந்தப் புளியமரம்..." என்று ஆரம்பித்தார்.